மாப்பிள்ளை பார்த்த வைத்தியம்

மாப்பிள்ளை வந்து பெட்டியை இறக்கி வைத்து, முகம் கழுவி, காபி டம்ளரைக் கையில் வாங்கினார். வாங்கிய கையோடு கேட்டார்.

"என்ன மாமா, கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதாமே?"

சமையலறை வாசலில் நின்றிருந்த மருமகளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது, அந்தக் கம்ப்யூட்டரின் ஆயுசு அவ்வளவுதான் என்று.

அந்த வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளை அவர். ஏதோ பெரிய நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மேலாளர். அவருக்குக் கீழே நாற்பது பேர் வேலை பார்க்கிறார்களாம். அதனாலோ என்னவோ, அவர் வேலை பார்த்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டில் எது பழுதாகியிருக்கிறது என்று முதலில் விசாரிப்பார். விசாரித்தால் விட மாட்டார். போன தடவை வந்தபோது சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார். அது இப்போது மணிக்கு ஐம்பது நிமிடம் ஓடுகிறது. மாமியார் அதை இறக்கச் சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளை கைப்பட்ட கடிகாரமாம்.

மருமகள் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு வருடமாக மொட்டைமாடி மோட்டார் அறைகளிலும் லிஃப்ட் குழிகளிலும் கிடந்து கற்ற தொழில். ஊரில் நூற்றுப் பத்து லிஃப்ட்டுகள் அவள் பொறுப்பில் ஏறி இறங்குகின்றன. அந்த வீட்டில் மட்டும் அவளுக்குப் பெயர், 'வெளியில ஏதோ ரிப்பேர் வேலைக்குப் போற பொண்ணு'.

கம்ப்யூட்டர் மாமனாருடையது. துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவர். தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே எறும்பாகத் தெரியும் மனிதர்களின் தலைக்கு மேல் இரும்புப் பெட்டிகளைத் தூக்கி வைத்தே காலம் போய்விட்டது. ஓய்வு பெற்ற பிறகு தரையில் நடப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டார். அதற்கென்றே பார்த்துப் பார்த்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, கைக்கு ஒரு ஜாய்ஸ்டிக், காலுக்கு இரண்டு பெடல் என்று சேர்த்துவிட்டார். தினமும் மதியம் இரண்டு மணிக்கு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் நாலு மணிவரை டூட்டி. கூப்பிட்டால் காது கேட்காது. மாமியார் அதை 'அந்தச் சனியன்' என்பார், மாப்பிள்ளை எதிரில் மட்டும் 'கம்ப்யூட்டர்' என்பார்.

பத்து நாளாக அதில்தான் கோளாறு. சுவருக்குப் பெயிண்ட் அடிக்க மேசையை இழுத்துப்போட்டு, திரும்பவும் தள்ளி வைத்தார்கள். அதற்குப் பிறகு ஆரம்பித்தது. ஈமெயில் பார்க்கலாம், செய்தி படிக்கலாம், ஒன்றும் ஆகாது. விமானத்தைக் கிளப்பினால் இருபது நிமிடம் ஒழுங்காகப் பறக்கும். கடலும் மேகமுமாக இருக்கும்வரை சரி. ஏதாவது நகரத்தை நெருங்கி, கட்டடங்கள் நெருக்கமாக வர ஆரம்பித்ததும் திரை சட்டென்று கறுத்துவிடும். பெட்டிக்குள் ஃபேன் மட்டும் மிக்சி மாதிரிக் கத்தும். விமானத்தின் சத்தம் சில நொடிகள் இருட்டிலேயே கேட்கும். பிறகு அதுவும் நின்றுபோகும். அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து உட்காரும்.

"ஓட்டிக் காட்டுங்க மாமா, பார்ப்போம்" என்றார் மாப்பிள்ளை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

மாமனார் ஓட்டினார். குடும்பமே பின்னால் நின்று வேடிக்கை பார்த்தது. இருபத்திரண்டாவது நிமிடம் திரை கறுத்தது. கூடவே பெட்டியின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய வாசனை ஒன்று வந்தது. சூடான பிளாஸ்டிக்கின் இனிப்புக் கலந்த நாற்றம்.

மருமகளுக்கு அது பழகிய நாற்றம். மோட்டார் அறையில் கரண்ட் வயர் மாட்டியிருக்கும் திருகு ஒன்று லேசாகத் தளர்ந்திருக்கும். சும்மா இருக்கும்போது தெரியாது. லிஃப்ட் ஆள் நிறைந்து ஏறும்போது கரண்ட் அதிகம் இழுக்கும், அந்தத் தளர்ந்த இடம் சூடாகும், வயரின் தோல் பழுப்பேறும், இதே நாற்றம் வரும். கண்ணைக் கட்டிவிட்டாலும் மூக்கை வைத்தே எந்த வயர் என்று சொல்லிவிடுவாள்.

"அண்ணா, உள்ள படம் காட்டுற கார்டுக்குப் போற பவர் வயரைக் கொஞ்சம் அழுத்திப் பாருங்களேன். சூடான நாத்தம் வருது" என்றாள்.

மாப்பிள்ளை மெதுவாகத் திரும்பினார். கூட்டத்தில் யாராவது குழந்தை எழுந்து பேசினால் பெரிய மனிதர்கள் புன்னகைப்பார்களே, அந்தப் புன்னகை.

"தங்கச்சி, இது லிஃப்ட் இல்லம்மா. வயரை இறுக்கி, கிரீஸ் தடவி ஓட்டுறதுக்கு. இதெல்லாம் சாஃப்ட்வேர்."

முதலில் சிரித்தவர் மாமனார். பிறகு மாமியார். கடைசியாக அவளுடைய கணவன். அவன் மருந்துக்கடையில் வேலை செய்பவன், சண்டை என்றால் தெருவையே மாற்றிக்கொண்டு போகிறவன். அவன் சிரித்தானா இருமினானா என்று அவனுக்கே தெரியாது.

அவள் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கழுவிக் கவிழ்க்கும்போது ஒரு முடிவுக்கு வந்தாள். இனி வாயைத் திறப்பதில்லை. நிபுணர் என்னதான் கிழிக்கிறார் என்று முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது. அந்த முடிவு அவளுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

முதல் நாள் மாலை நிபுணர் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

"டிரைவர் பிரச்சினை அத்தை."

"டிரைவரா? நம்மகிட்ட கார் கூடக் கிடையாதே மாப்பிள்ளை."

"இது வேற டிரைவர் அத்தை. கிராபிக்ஸ் கார்டுன்னு ஒண்ணு உள்ள இருக்கு, படத்தை வரைஞ்சு திரைக்கு அனுப்புறது அதுதான். அதுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல பேசுற புரோகிராம் பேரு டிரைவர்."

"எவ்வளவு தெளிவா சொல்றாரு பாரு" என்று மாமியார் மகனைப் பார்த்துச் சொன்னார், அவன் ஏதோ இத்தனை நாள் மறைத்து வைத்ததுபோல்.

பழைய டிரைவரை அழித்தார், புதியதைப் போட்டார். இரண்டு மணி நேரம் போனது. திரை கறுத்தது, இருபத்தொன்றாவது நிமிடம். அதற்கும் முந்தைய டிரைவரைப் போட்டார். பத்தொன்பதாவது நிமிடம். "பார்த்தீங்களா, மாறுது. நோய் புடிபடுது" என்றார். மருமகள் காய் நறுக்கிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டாள். முகத்தை யாரும் பார்க்காமல் இருப்பது நல்லது என்று தோன்றியது.

இரண்டாம் நாள், உள்ளே இருப்பதையெல்லாம் மொத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். "சுத்தமா ஆரம்பிச்சாதான் சுத்தமா ஓடும்" என்று விளக்கமும் சொன்னார். துடைப்பதற்கு முன் எதையாவது எடுத்து வைக்க வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமனார் ஏழு மாதமாக ஒவ்வொரு பட்டனாக யோசித்து, எந்த விரலுக்கு எந்த வேலை என்று பதிந்து வைத்திருந்த ஜாய்ஸ்டிக் அமைப்பு அத்தனையும் அதோடு போயிற்று. சாயங்காலம் உட்கார்ந்து பெடலை மிதித்த மாமனார், விமானத்தின் விளக்கு எரிவதைப் பார்த்தார். மறுபடி மிதித்தார். விளக்கு அணைந்தது.

"அதெல்லாம் அஞ்சு நிமிஷத்துல செட் பண்ணிக்கலாம் மாமா" என்றார் மாப்பிள்ளை.

மாமனார் பெடலிலிருந்து காலை எடுத்துச் செருப்பில் நுழைத்துக்கொண்டார். திரை வழக்கம்போல் கறுத்தது.

மூன்றாம் நாள் நோய் இடம் மாறியது. இப்போது அது சூடு. கார்டைத் திறந்து புதுப் பசை தடவ வேண்டும் என்றார். கடைக்குப் போய்ச் சின்ன ஊசிக்குழாயில் அந்தப் பசையை வாங்கி வந்தார். பெட்டியைத் திறக்க முதலில் சமையலறைக் கத்தியை எடுத்தார். கத்தியின் நுனி வளைந்தது. பிறகு, "தங்கச்சி, உங்க ஸ்குரூ டிரைவரைக் கொஞ்சம் கொடுங்க" என்றார். லிஃப்ட்காரியின் சாமான் மட்டும் ஆகும் போலிருக்கிறது. பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். இடமா வலமா என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருகினார்.

கார்டைக் கழற்ற அதில் மாட்டியிருந்த பவர் பிளக்கைப் பிடித்தார். அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்ட பிளக்கை அழுத்திப் பிடித்து, கொக்கியை விடுவித்து, கொஞ்சம் பலமாகவே இழுத்தால்தான் வரும். இது அவர் விரல் பட்டதும், காத்திருந்ததுபோல் கையோடு வந்துவிட்டது. ஒரு மூலையில் பழுப்பு நிறம். பாதிதான் உள்ளே போயிருந்திருக்கிறது. மேசையை நகர்த்தியபோது பெட்டி குலுங்கிப் பிளக் நழுவியிருக்கும்.

மாப்பிள்ளை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒருபக்கம் தள்ளிவிட்டார்.

சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. அவள் சொல்லவில்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவுவதுபோல் அவர் பசையைத் தடவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடும்போது ஒரு திருகு மிஞ்சியது. "இது எக்ஸ்ட்ரா. கம்பெனிக்காரன் எப்பவும் ஒண்ணு சேர்த்துப் போடுவான்" என்று அதை ஜன்னல் விளிம்பில் வைத்தார். பிளக்கை எப்படி எடுத்தாரோ அப்படியே, கொக்கி மாட்டுகிற சத்தம் கேட்காமலேயே செருகினார். பதினோராவது நிமிடம் திரை கறுத்தது.

நான்காம் நாள் காலையில் மாப்பிள்ளை கைப்பேசியும் கையுமாக, முகம் மலர சமையலறைக்குள் வந்தார்.

"கண்டுபிடிச்சிட்டேன் அத்தை. உள்ள சின்னச் சின்ன ஈய ஒட்டு விட்டுப்போயிருக்கும். சூடு பண்ணினா உருகித் திரும்ப ஒட்டிக்கும். அவன்ல வெச்சா சரியாயிடும்."

"எவன்ல மாப்பிள்ளை?"

"உங்க அவன்லதான் அத்தை. நீங்க கேக் பண்ற அவன்."

மாமியார் ஒரு நொடி தடுமாறினார். முந்தைய நாள்தான் மாப்பிள்ளைக்கென்று அதில் கேக் செய்திருந்தார். ஆனால் கேட்பவர் மாப்பிள்ளை. தட்டைக் கழுவித் துடைத்து எடுத்துக் கொடுத்தார். தட்டில் விரிக்கிற பட்டர் பேப்பர் வேண்டுமா என்றும் விசாரித்தார்.

கார்டு தட்டில் கிடந்தது. மேலே இருந்த ஃபேனையும் மூடியையும் கழற்றியபின் அது பார்க்கப் பரிதாபமாக, தோலுரித்ததுபோல் இருந்தது. அவள் வேலைக்குக் கிளம்பிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். மாமனார் ஹாலிலிருந்து எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றார். தட்டைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ஏதோ கேட்பதுபோன்ற பார்வை. அவள் பையின் வாரைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இருநூறு டிகிரி, எட்டு நிமிடம். நாலாவது நிமிடத்தில் வீடு முழுக்க ரப்பர் எரிகிற நாற்றம். கழற்ற மறந்த பிளாஸ்டிக் கொக்கி ஒன்று உருகி வழிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரி கதவைத் தட்டி, "கேஸ் லீக்கா?" என்று கேட்டாள். "இல்ல, மாப்பிள்ளை ரிப்பேர் பண்றாரு" என்று மாமியார் பெருமையாகவே சொன்னார். எட்டாவது நிமிடம் தட்டை வெளியே எடுத்ததும், "வெந்திருக்கான்னு குச்சியால குத்திப் பார்க்கட்டுமா மாப்பிள்ளை?" என்றார். கேலி இல்லை, நிஜமாகத்தான் கேட்டார்.

ஆறவைத்து மாட்டினார்கள். பெட்டி மூன்று முறை பீப் என்று கத்தியது. திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை. இருபது நிமிடமாவது பறந்துகொண்டிருந்த விமானம் இனி ஓடுபாதையையே பார்க்காது.

மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். அதில் வருத்தத்தைக் காணோம், நிம்மதிதான் இருந்தது. "நான்தான் சொன்னேனே மாமா, கார்டு போயிடுச்சுன்னு. இப்ப கன்ஃபர்ம் ஆயிடுச்சு. சும்மா சந்தேகத்துல இருக்கறதைவிட இது நல்லதுதானே?"

நாலு நாளில் நாலு காரணம் சொன்ன மனிதர். கார்டு போய்விட்டது என்று அவர் சொல்லவேயில்லை. ஆனால் அந்தக் குரலில் சொன்னால் சொன்னதுபோலவே ஆகிவிடுகிறது. மறுநாள் காலை மிச்சக் கேக்கை டப்பாவில் வாங்கிக்கொண்டு ரயிலேறினார்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. காலையில் மாமியாரும் கணவனும் சந்தைக்குப் போயிருந்தார்கள். அவள் டார்ச்சையும் டெஸ்டரையும் எடுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். கார்டைப் பார்த்ததுமே அதில் இனி ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. பிளக்கைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். பழுப்பு மூலை இப்போது கருகியிருந்தது.

நிமிர்ந்தபோது மாமனார் சட்டை மாற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார்.

"கடைக்கு எடுத்துட்டுப் போலாமா?" என்றார். கையில் துணிப்பையும் இருந்தது.

கடை வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில், ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு இருந்தது. அலமாரி முழுக்கக் கார்டுகள், ஒவ்வொன்றிலும் நோயைக் குறித்து ஒட்டிய சீட்டு. கடைக்காரர் நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டபடி கார்டை வாங்கினார். முதலில் பார்க்கவில்லை, மோந்தார்.

"எத்தனை டிகிரி?" என்றார்.

மாமனார் கூரையைப் பார்த்தார். அவள்தான் பதில் சொன்னாள். "இருநூறு. எட்டு நிமிஷம்."

"வீடியோ பார்த்தா?"

"ஆமா."

"அந்த வீடியோ போட்டவன் நல்லா இருக்கணும். அவன் புண்ணியத்துலதான் என் கடை ஓடுது. மாசத்துக்கு மூணு வருது, சில நாள் சுடச்சுடவே கொண்டு வராங்க." கண்ணாடியை இறக்கிக்கொண்டு பிளக் செருகும் இடத்தைப் பார்த்தார். குரலில் கேலி குறைந்தது. "வேகவைக்கிறதுக்கு முன்னாடி இதுல ஒண்ணும் இல்லம்மா. இந்த ரெண்டு பின் மட்டும் கருத்திருக்கு, பாருங்க. பிளக் சரியா உட்காரல. வயரை மாத்தி, இதைச் சுத்தம் பண்ணி அன்னிக்கே கொடுத்திருப்பேன். அரை மணி நேர வேலை."

அரை மணி நேர வேலை. அவள் தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வது.

விற்பனைக்கு வைத்திருந்த பழைய கார்டு ஒன்றை எடுத்துக் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டி, கனமான படம் ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட்டுக் காட்டினார். சூடு எவ்வளவு, ஃபேன் எவ்வளவு வேகம் என்று ஒவ்வொன்றாகத் திரையில் சுட்டினார். மாமனார் பணம் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். பெட்டியில் எந்தக் கம்பெனி பவர் சப்ளை என்று கேட்டு, பவர் வயரைப் புதிதாகக் கொடுக்கும்போது கடைக்காரர் அவளிடம் அழுத்திச் சொன்னார். "உங்க பவர் சப்ளைக்கு உண்டான வயர் இதுதான். வேற கம்பெனியோடதும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். போட்டீங்கன்னா கார்டோட நிக்காது, வீடே வெந்துடும். செருகும்போது டக்குன்னு சத்தம் கேக்கணும்."

"தெரியும்" என்றாள். அந்த வார்த்தை அவள் வாயிலேயே கசந்தது.

பேருந்து நிறுத்தத்தில் நிழல் இல்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு மாமனார் பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் நின்றாள்.

"முதல் நாளே உனக்குத் தெரியும், இல்ல?" என்றார், சாலையைப் பார்த்தபடி.

"சொன்னேனே மாமா."

"ஒரு தடவை சொன்ன. அப்புறம் நாலு நாள் சொல்லல. உன் லிஃப்ட்ல இந்த நாத்தம் வந்து, வாட்ச்மேன் சிரிச்சான்னா விட்டுட்டு வந்துடுவியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அடுத்த நொடியே கோபம் வந்தது.

"முதல்ல சிரிச்சது யாரு மாமா? அவர் சொல்லி முடிக்கறதுக்குள்ள நீங்கதான் சிரிச்சீங்க. உங்களுக்கு மட்டும் நாத்தம் வரலையா? முப்பது வருஷம் மோட்டாருக்குப் பக்கத்துல உட்கார்ந்தவர்தானே நீங்க?"

மாமனாரின் காது சிவந்தது. பையின் கைப்பிடியை முறுக்கினார்.

"வந்துச்சு" என்றார்.

"அப்புறம்?"

"மாப்பிள்ளை ஜோக் அடிச்சா சிரிக்கணும். கல்யாணமான நாள்லேருந்து அப்படித்தான் சிரிச்சிட்டிருக்கேன். நான் மூஞ்சியைக் காட்டினா அங்க என் பொண்ணுகிட்ட அதைக் காட்டுவாரு."

"அதுக்காக உங்க கார்டைத் தட்டுல வெச்சு உள்ள தள்றப்பவும் சும்மா நின்னீங்களா?"

"நீ சொல்வேன்னு நெனச்சேன். அதான் உன்னைப் பார்த்தேன்."

பேருந்து வந்தது. ஏறி, பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். அவளுக்கு மாப்பிள்ளையின் மேல் இருந்த இளக்காரம் துளியும் குறையவில்லை. ஆனால் அவர் தெரியாமல் செய்தார். தெரிந்தும் பார்த்துக்கொண்டு நின்றவள் அவள். அந்த நாலு நாளும் உள்ளுக்குள் அனுபவித்த சுகத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருந்தது. ஒருவரை முட்டாள் என்று நிரூபிக்க இன்னொருவரின் பொருளை அவள் செலவழித்திருக்கிறாள்.

வீட்டில் கார்டை மாட்டினாள். ஜன்னல் விளிம்பில் கிடந்த அந்த 'எக்ஸ்ட்ரா' திருகு கார்டைப் பெட்டியோடு பிடித்து வைக்கும் திருகு என்று இப்போது தெரிந்தது. அதையும் போட்டு இறுக்கினாள். புது வயரைச் செருகினாள். டக். இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. மாமனார் விமானத்தைக் கிளப்பினார். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம். பெரிய நகரம் ஒன்றின் கட்டடங்கள் அத்தனையும் கீழே விரிந்து நகர்ந்தன. திரை கறுக்கவில்லை. எந்த நாற்றமும் இல்லை.

சந்தையிலிருந்து திரும்பிய மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு உடனே கைப்பேசியை எடுத்தார். வீடியோ அழைப்பு. திரையில் மாப்பிள்ளை, அவர் தோளுக்குப் பின்னால் துணி மடித்துக்கொண்டு நாத்தனார்.

"மாப்பிள்ளை, நீங்க சொன்ன மாதிரியே கார்டை மாத்தினாங்க, கம்ப்யூட்டர் ஜம்முனு ஓடுது!"

"அதான் அத்தை. நோயைச் சரியாக் கண்டுபுடிக்கறதுலதான் இருக்கு எல்லாம். மாத்தறது யார் வேணா மாத்தலாம்."

மாமனார் ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் வாயைத் திறப்பாரா என்று காத்திருக்கத் தோன்றியது. காத்திருந்து ஆன கதையும் நினைவுக்கு வந்தது. கைப்பேசியை மாமியாரிடமிருந்து வாங்கினாள்.

"அண்ணா, கார்டு நல்லாத்தான் இருந்துச்சு. பவர் பிளக் பாதிதான் செருகியிருந்துச்சு. அதை அழுத்தி விட்டிருந்தா போதும். அவன்ல வெச்சதாலதான் கார்டு போச்சு. எனக்கு முதல் நாளே தெரியும், திரும்ப அழுத்திச் சொல்லாதது என் தப்பு. ஆனா வெச்சது நீங்க."

மாமியார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கணவன் அவசர வேலை இருப்பதுபோல் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டான். மாமனார் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்தார். மகளின் குடும்பம் கண்ணெதிரில் உடையப்போகிறது என்பதுபோல் இருந்தது அவர் முகம்.

திரையில் மாப்பிள்ளை இரண்டு முறை கண்ணைச் சிமிட்டினார். அவருக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. நாத்தனார் மடித்த துணியை முகத்தில் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள்.

"அவன்லயா வெச்சாரு? கேக் அவன்லயா? ஐயோ அம்மா, உங்களுக்கெல்லாம் அறிவே இல்லையா? எங்க வீட்டுல இஸ்திரிப் பெட்டிக்குக் கிட்டகூட நான் இவரை விடறதில்ல. வாஷிங் மெஷினைத் திறந்து பார்க்கறேன்னு கீழ்வீட்டுக் கூரை ஒழுக வெச்சாரே, சொன்னேனே? நீங்க ஏன் விட்டீங்க?"

"இல்லடி, மாப்பிள்ளையாச்சே..." என்று மாமியார் இழுத்தார்.

"மாப்பிள்ளைன்னா? அப்பா, நீங்க கூடவா ஒண்ணும் சொல்லல?"

மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எட்டு வருடமாக மகளுக்காக என்று சிரித்த சிரிப்பெல்லாம் யாருக்கும் தேவைப்படவேயில்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். முகத்தில் நிம்மதியும் அவமானமும் மாறி மாறி வந்து போயின.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "பவர் பக்கமும் ஒரு சந்தேகம் எனக்கு இருந்துச்சு. நேரம்தான் இல்ல" என்றார். பிறகு சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். சிக்னல் தெளிவாகத்தான் இருந்தது.

அழிந்துபோன பட்டன் அமைப்பைத் திரும்பப் பதிய மாமனாருக்குப் பதினேழு நாள் ஆயிற்று. அவள் வேலையிலிருந்து வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினாள். முதலில் அது பிராயச்சித்தம் மாதிரி இருந்தது. நாலைந்து நாளில் அவளுக்கே பிடித்துப்போய், எந்த நெம்புகோல் எதற்கு என்று கேட்க ஆரம்பித்தாள். மன்னிப்பு என்று அவள் கேட்கவும் இல்லை, அவர் கொடுக்கவும் இல்லை. வேலை நடந்தது.

மூன்று மாதம் கழித்து மாப்பிள்ளை மறுபடி வந்தார். வீட்டில் எது பழுது என்று இந்தத் தடவை கேட்கவில்லை. ஆனால் மதியம் இரண்டு மணிக்கு மாமனார் உட்கார்ந்ததும் பின்னால் வந்து நின்றார். நின்றவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"அந்தத் திருப்பத்தை இன்னும் முன்னாடியே எடுத்திருக்கணும் மாமா."

மாமனார் எழுந்தார். நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க மாப்பிள்ளை. நீங்க ஓட்டுங்க."

மாப்பிள்ளை உட்கார்ந்து தோள்களைக் குலுக்கிவிட்டுக்கொண்டு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். மூன்று நிமிடம் பறந்தார். ஓடுபாதை தெரிந்ததும் விமானத்தை வயிறு தேய இறக்கினார். தீப்பொறி பறந்தது, ஒரு இறக்கை தனியாக உருண்டது, திரையின் குறுக்கே சிவப்பு எழுத்து வந்தது.

"இந்த கேம்ல ஏதோ தப்பு இருக்கு" என்றார்.

"அண்ணா, நீங்க சக்கரத்தையே இறக்கல" என்றாள் அவள்.

"நல்ல சாஃப்ட்வேரா இருந்தா அதுவே இறக்கிக்கணும்."

மாமனார் சத்தம் போட்டுச் சிரித்தார். மாப்பிள்ளைக்காகச் சிரித்ததல்ல, மாப்பிள்ளையைப் பார்த்தே சிரித்தது. சிரித்துக்கொண்டே, "எழுந்திருங்க" என்று நாற்காலியைப் பின்னால் இழுத்தார்.